இடிக்கொடி: ஐந்தாம் பாகம்

ஆசிரியர் தவபாலன் கேட்டது
நானூறு சொல், நட்சத்திரத்தோடு,
செவ்வாய் பின்னேரத்துக்குள்.
மூன்றாந்தரம் அழித்துவிட்டு எழுதுகிறேன்.
யன்னலுக்கு வெளியே வெள்ளவத்தையைத் தாண்டி
கடலை உரசிக்கொண்டு
பாணந்துறை ரயில் போகிறது,
வாசலில் தொங்கும் ஆட்களோடு.
இதற்கு டூப் கிடையாது.

முதற் பாகத்தைச் சொல்லாமல்
ஐந்தாவதைச் சொல்லேலாது.
மருதானையில் பார்த்தது.
வாசலில் பையைத் திறந்து காட்டினோம்.
கெனிசியஸின் சாப்பாட்டுப் பெட்டியையும்
திறக்கச் சொன்னார்கள்.
இடியப்பம், சம்பல்.
சிப்பாய் மணந்து பார்த்து மூடினான்.
உள்ளே, திரையில்,
ஒருவன் இடுப்பில் இரண்டு துவக்கோடு
ஒரு முழு விமான நிலையத்தைக் கடந்து போனான்;
எவரும் அவனிடம் ஐசி கேட்கவில்லை.
சனம் விசிலடித்தது அதற்குத்தான் என்று
இப்போதும் நம்புகிறேன்.

கெனிசியஸ் விசிலடிக்கவில்லை.
விரல் மடித்து எண்ணிக்கொண்டிருந்தான்.
"அது ஆறு ரவைத் துவக்கு.
பதினேழு சுட்டிட்டான்."
முன் சீற்றுக்காரர் திரும்பி முறைத்தார்.
இடைவேளைக்குள் நாற்பத்திரண்டு.
அவன் மன்னார்ப் பக்கம்.
எண்ணப் பழகியது எங்கே என்று
நான் கேட்கவில்லை.

இரண்டாம் பாகத்துக்கு மூன்று நட்சத்திரம் போட்டேன்.
கொட்டாஞ்சேனையில் அன்று அடைமழை,
கூரை ஒழுகியது.
திரையில் பாலைவனம்.
தாகத்தால் நாயகன் விழுந்தபோது
என் மடியில் ஒரு சொட்டு விழுந்தது.

மூன்றாவது: கார் பறந்தது.
குறிப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு சொல்,
"ஏன்?"

நான்காவது வந்தபோது ஊரில் பெற்றோல் இல்லை.
பக்கத்துச் சீற்றில் பௌமி,
பம்பலப்பிட்டி வரிசையில் இரண்டு இரவு
ஓட்டோவுக்குள்ளேயே படுத்தவர்,
கியூ ஆர் தாளை இன்னும் சட்டைப்பையில் வைத்திருந்தார்.
நாயகன் இருபத்தெட்டு லொறிகளை
ஒரே தீக்குச்சியில் கொளுத்த,
மனிதர் எழும்பி நின்று கத்தினார்:
"அடேய், டேங்க் நிறைஞ்சு கிடக்குடா!"
முழுத் தியேட்டரும் அவரோடு சேர்ந்து அழாக்குறையாய்ச் சிரித்தது.
அந்தப் படத்துக்கு வந்த
உருப்படியான விமர்சனம் அது ஒன்றுதான்.
நான் என்ன எழுதினேன் என்று ஞாபகமில்லை.

இப்போது ஐந்தாவது.
நாயகனுக்கு வயது ஏறவில்லை,
கணினி இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.
எதிரி மறுபடியும் தம்பியாம்.
நகரம் ஒன்று மறுபடியும் அழிகிறது.
இதெல்லாம் பரவாயில்லை.
நான் தேடியது ஒரு காதை.

கூரையிலிருந்து குதிப்பவன் முகத்தைக் காட்டமாட்டான்.
ஆனால் இடது காது,
மேல் நுனி கொஞ்சம் மடிந்த காது,
ஒன்றில் கண்ணாடியை உடைத்துப் பாய்ந்தது,
நான்கில் எரிகிற லொறிக்குக் கீழால் உருண்டது.
இத்தனை வருடமும்
அதைத்தான் பார்க்கப் போயிருக்கிறேன் போல.
ஐந்தில் அது இல்லை.
புது ஆள். நேரான காது.
குறை சொல்ல ஏதுமில்லை, நன்றாகத்தான் விழுகிறான்.

பெயர்ப்பட்டியல் முடியும்வரை இருந்தேன்.
எறும்பு எழுத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள்,
சாப்பாடு கொண்டுவந்தவர் உட்பட.
இருந்தும் அந்தக் காதின் பெயர்
எது என்று தெரியாமல்
இல்லாததை எப்படிக் கண்டுபிடிப்பது?
"இவரய், மிஸ்" என்றாள்
தும்புத்தடியோடு வந்த சந்திராணி.
முடிந்துவிட்டதாம்.

இரவு ஸ்காபரோவுக்குச் செய்தி அனுப்பினேன்:
"இந்த முறை எத்தனை?"
விடியற்புறம் கெனிசியஸின் பதில்:
"எண்ணேல்ல. நித்திரை கொண்டிட்டன்."
அவ்வளவு வெடிச்சத்தத்துக்குள்.
திரும்பத் திரும்ப வாசித்தேன்.

தவபாலன்,
நட்சத்திரத்தை நீங்களே போடுங்கள்.
இடம் காணாவிட்டால்
கதைச் சுருக்கத்தை வெட்டுங்கள்,
என் பெயரையும் வெட்டலாம்.
காதில் கை வைக்கவேண்டாம்.